லேப் கோட்டா, ஸ்பேனரா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 19. அறிவியல், கணிதம் எடுத்துப் பள்ளிப் படிப்பை முடித்திருக்கிறேன். இரண்டு உணவுத் தொழிற்சாலைகளில் அப்ரென்டிஸ் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று, பிஸ்கட் தொழிற்சாலையின் குவாலிட்டி லேபில், இரண்டு வருடம். இன்னொன்று, பாலும் பழச்சாறும் தயாரிக்கும் தொழிற்சாலையின் மெயின்டனன்ஸ் பிரிவில், மூன்று வருடம். எனக்கு மெஷின் என்றால் பிடிக்கும். வீட்டில் மின்விசிறி நின்றால் கழற்றிப் பார்ப்பது நான்தான். அம்மாவும் சித்தியும், "லேப் என்றால் வெள்ளைக் கோட்டு, சுத்தமான வேலை. அங்கே போனால் கிரீஸ் கையோடு நிற்பாய்" என்கிறார்கள். மாமா, "இரண்டுமே வேண்டாம், முதலில் டிகிரி முடி" என்கிறார். அப்ரென்டிஸ் என்பதே குறைந்த காசுக்கு ஆள் பிடிக்கும் தந்திரம் என்று பயமுறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். சின்ன வயதில் எனக்கு வீசிங் இருந்தது. இப்போதும் தூசி பட்டால் லேசாக வரும். எதை எடுப்பது? என் பெயரை வெளியிட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

வீசிங் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

வேலையிடத்தால் வரும் ஆஸ்துமாவுக்கு உலகம் முழுக்க முன்னணிக் காரணங்களில் ஒன்று மாவுத் தூசி. பேக்கரி ஆஸ்துமா என்று மருத்துவர்கள் அதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். கோதுமை மாவோடு விஷயம் முடிவதில்லை. மாவு பதமாக வரச் சேர்க்கும் அமைலேஸ் போன்ற நொதிப் பொடிகளும் நுரையீரலைச் சீண்டும். இதில் வம்பு என்னவென்றால், முதல் நாளே தும்மல் வந்து எச்சரிக்காது. மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், ஒன்றும் தெரியாது. உடம்பு ஒருமுறை அதைப் பகையாக எடுத்துக்கொண்டால் அப்புறம் கொஞ்சம் தூசி போதும், இழுப்பு வந்துவிடும். "நான் லேபில்தானே உட்கார்ந்திருப்பேன்" என்று நினைக்க வேண்டாம். மாவு இறக்கும் இடத்துக்கும் மிக்ஸிங் அறைக்கும் போய் மாதிரி எடுத்து வருவது பெரும்பாலும் லேப் அப்ரென்டிஸின் வேலைதான்.

பால், பழச்சாறு பக்கம் எல்லாம் ஈரம், தூசி குறைவு. அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். பால் பவுடரோ, கெட்டியாக்கச் சேர்க்கும் பெக்டின் பொடியோ கொட்டிக் கலக்கும் அறை இருக்கும். கிருமி நீக்கத்துக்குப் பெராசெட்டிக் அமிலம் பயன்படுத்தினால் அதன் ஆவி மூக்கையும் தொண்டையையும் எரிக்கும். அதனால் எங்கே சேர்வதாக இருந்தாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் நுரையீரல் மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். குழாயில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையைச் செய்துகொண்டு, அறிக்கையை வீட்டில் பத்திரமாக வையுங்கள். பின்னால் ஏதாவது தொந்தரவு வந்தால், சேரும்போது மூச்சு எப்படி இருந்தது என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி. நிறுவனத்திடமும் மறைக்க வேண்டாம். எந்த அறைக்கு உங்களை அனுப்பலாம், எதற்குக் கூடாது என்று அவர்கள் முடிவெடுக்க அது தெரிந்தாக வேண்டும்.

வீசிங்கே இல்லையென்றாலும் உங்களுக்கு நான் மெயின்டனன்ஸைத்தான் சொல்லியிருப்பேன். நான் மெஷின் பக்கமிருந்து வந்து, பிறகு அப்ரென்டிஸ்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலைக்கு மாறியவன். அந்தச் சாய்வு எனக்கு உண்டு. அதைக் கழித்துக்கொண்டு மேலே படியுங்கள்.

உணவின் தரத்தைப் பார்ப்பது லேப், மெஷினை ஓட வைப்பது மெயின்டனன்ஸ் என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அம்மாவும் சித்தியும் அப்படி நினைப்பதில் தப்பில்லை. ஆனால் சாப்பிடுகிறவருக்குக் கெடுதல் வருமா வராதா என்பது உணவு தயாராகும் லைனிலேயே முடிவாகிவிடுகிறது. மாதிரி லேபுக்கு வந்து சேரும்போது நடந்தது நடந்து முடிந்திருக்கும்.

இது ஏதோ என் சொந்தக் கொள்கை இல்லை. 1960-களில் அமெரிக்காவில் விண்வெளி வீரர்களுக்கு உணவு தயாரிக்கும் பொறுப்பு பில்ஸ்பரி என்ற நிறுவனத்திடம் வந்தது. நாசாவும், நேட்டிக் என்ற ஊரில் இருந்த ராணுவ ஆய்வகமும் கூட இருந்தன. விண்கலத்துக்குள் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் என்ன கதி என்று யோசித்துப் பாருங்கள். அதனால் உணவு பாதுகாப்பானது என்பதற்கு ஏறக்குறைய முழு உறுதி வேண்டும் என்றார்கள். தயாரித்து முடித்த உணவைச் சோதித்துச் சோதித்து அந்த உறுதியை எட்டப் பார்த்தால், ஒரு பேட்ச்சின் பெரும்பகுதி சோதனைக்கே போய்விடும். வீரர்களுக்குக் கொடுக்க மிஞ்சுவது கொஞ்சம்தான். அந்த வழியை விட்டுவிட்டு, மூலப்பொருள் வந்து இறங்குவதிலிருந்து பொட்டலம் மூடுவது வரை எந்தெந்தப் படியில் ஆபத்து நுழையலாம் என்று பார்த்து, அந்தப் படியிலேயே அதைப் பிடிக்கும் முறைக்கு மாறினார்கள். இன்று எந்த உணவுத் தொழிற்சாலைக்குள் போனாலும் 'ஹாசப்' என்ற சொல் காதில் விழும்; அது இந்த முறைதான். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து நடத்தும் கோடெக்ஸ் ஆணையம் 1993-இல் இதற்கான வழிகாட்டியை ஏற்றுக்கொண்டது.

கணிதம் படித்தவர் நீங்கள், இதையும் போட்டுப் பாருங்கள். ஒரு பேட்ச்சில் ஆயிரம் பாக்கெட்டுக்கு ஒன்று கெட்டது என்று வையுங்கள். அங்கங்கே கைக்குக் கிடைத்தபடி 60 பாக்கெட் எடுத்து லேபில் சோதித்தால், அந்த 60-ம் நல்லதாகவே இருந்துவிட சுமார் 94 சதவீத வாய்ப்பு இருக்கிறது. 0.999-ஐ 60 முறை பெருக்கினால் வருவது அதுதான். லேபில் இருப்பவர் ஒரு தவறும் செய்யவில்லை. ரிப்போர்ட் சுத்தம். கெட்ட பாக்கெட் லாரி ஏறிவிட்டது.

நீங்கள் போகப்போவது பால் தொழிற்சாலை என்பதால் பாலைச் சூடேற்றிக் கிருமியைக் கொல்லும் மெஷினான பாஸ்சரைசரை எடுத்துக்கொள்கிறேன். பாலை 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி வைத்திருக்க வேண்டும். பால் அங்கே நிற்பதில்லை, ஓடிக்கொண்டே இருக்கும். சூடான பால் நீளமான ஒரு குழாய்க்குள் நுழைந்து வெளியே வர 15 விநாடியாவது ஆகும்படி அந்தக் குழாயின் நீளத்தைக் கணக்கிட்டிருப்பார்கள். குழாய் முடிகிற இடத்தில் ஒரு வெப்பநிலை சென்சார். அதை அடுத்து ஒரு வால்வு. சென்சார் காட்டும் அளவு குறித்த எல்லைக்குக் கீழே இறங்கினால் வால்வு திசை மாறி, பாலை முன்னால் விடாமல் ஆரம்பத் தொட்டிக்கே திருப்பி அனுப்பிவிடும்.

பயிற்சிக்கு வருகிறவர்களை நான் அந்த வால்வின் முன்னால் நிறுத்தி ஒரு கேள்வி கேட்பது வழக்கம்: "இப்போது கரண்ட் போனால், காற்றழுத்தம் போனால், இது எந்தப் பக்கம் திரும்பும்?" பாதிப் பேர் "அப்படியே நின்றுவிடும்" என்பார்கள். நிற்காது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அதைத் திருப்பி அனுப்பும் பக்கமே தள்ளும். பாலை முன்னால் விடுவதற்குத்தான் காற்றழுத்தம் வேண்டும். எது பழுதானாலும் பாதுகாப்பான பக்கம் சாய வேண்டும் என்று எண்ணிச் செய்தது அது. அந்த ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா, வால்வு அழுந்தி மூடும் இடத்தில் கசிவு உண்டா, சென்சார் அரை டிகிரி கூட்டிக் காட்டுகிறதா என்று பார்ப்பது யார் என்று நினைக்கிறீர்கள்? கிரீஸ் கைக்காரர்தான்.

இன்னும் கொஞ்சம் உள்ளே போகலாம். பம்பில் ஏதோ பழுது. அவசரத்துக்குக் கொஞ்சம் பெரிய பம்பாகப் போட்டுவிட்டார் ஒருவர். பால் வேகமாக ஓடும். சென்சார் சமர்த்தாக 72 என்றே காட்டும். ஆனால் 15 விநாடி 11 விநாடியாகியிருக்கும். வெப்பமானிக்கு நேரம் தெரியாது, அலாரமும் அடிக்காது. இதற்காகத்தான் அந்தப் பம்பின் வேகத்தை ஒரு எல்லைக்கு மேல் போகாதபடி பூட்டி சீல் வைக்கிறார்கள். அந்த சீல் எதற்கு என்று புரிந்த மெக்கானிக்குக்கும், அதை வெறும் தொல்லையாகப் பார்க்கும் மெக்கானிக்குக்கும் இடையில் ஊரின் ஆரோக்கியமே தொங்குகிறது. மூன்று வருடப் பயிற்சியில் நீங்கள் கற்க வேண்டியது முக்கியமாக இதைத்தான். ஸ்பேனர் பிடிப்பதை ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம்.

லேபை மட்டம் தட்டுகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பாஸ்சரைசர் ஒழுங்காக வேலை செய்ததா என்பதை லேபில் பாஸ்படேஸ் சோதனையால் உறுதிசெய்கிறார்கள். பச்சைப் பாலில் இயல்பாக இருக்கும் ஒரு நொதி, சரியாகச் சூடேறினால் அழிந்துவிடும். சூடேறிய பாலில் அது மிச்சமிருந்தால் எங்கோ கோளாறு. எளிமையான, அழகான சோதனை. வில்லியம் கோசெட் என்ற வேதியியல்காரர் 1899-இல் டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். பார்லியிலும் மது காய்ச்சுவதிலும் கிடைக்கும் கொஞ்சம் மாதிரிகளை வைத்து எவ்வளவு நம்பிக்கையோடு பேசலாம் என்ற கேள்வியைத் துரத்திப்போய், 1908-இல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் ஒரு கட்டுரை வெளியிட்டார். இன்று புள்ளியியல் படிக்கிற ஒவ்வொருவரும் அதிலிருந்து வந்த டி-சோதனையைப் படிக்கிறார்கள். லேப் வேலையில் தலைக்கு வேலை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்களுக்கு எது பொருந்தும் என்பதுதான் இங்கே பேச்சு. மின்விசிறியைக் கழற்றியவர் நீங்கள்.

சரி, கிரீஸுக்கு வருவோம். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: கார் ஒர்க்‌ஷாப்பின் மெயின்டனன்ஸும் உணவுத் தொழிற்சாலையின் மெயின்டனன்ஸும் ஒன்றல்ல. உணவு லைன் பக்கம் போகும் மெக்கானிக்கும் தலைமுடிக்கு வலை போட்டு, கை கழுவி, வேறு காலணி மாற்றித்தான் உள்ளே போக முடியும். மோதிரம், வளையல், கைக்கடிகாரம், நகப்பூச்சு எதற்கும் அனுமதி இருக்காது. உணவின் அருகில் போடும் கிரீஸ்கூடத் தனி வகை, தவறிப்போய் ஒரு துளி பட்டாலும் ஆபத்தில்லாதபடி தயாரித்தது. கையில் கீறல் பட்டால் ஒட்டும் பிளாஸ்டர் பளிச்சென்ற நீல நிறத்தில் இருக்கும். நீல நிற உணவு அபூர்வம் என்பதால் விழுந்தால் கண்ணில் படும். கண்ணுக்குத் தப்பினாலும் மெட்டல் டிடெக்டர் பிடிக்கட்டும் என்று அதற்குள் மெல்லிய உலோகப் பட்டை ஒன்றும் வைத்திருப்பார்கள்.

வேலை முடித்து வெளியே வரும்போது எத்தனை கருவி எடுத்துப் போனீர்களோ அத்தனையும் திரும்ப வந்தாக வேண்டும். கழற்றிய போல்ட், நட், வாஷர் எல்லாம் கணக்கு. நல்ல தொழிற்சாலையில் கருவிப் பலகையில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் வடிவத்திலேயே நிழல் வரைந்து வைத்திருப்பார்கள். ஒன்று குறைந்தால் பலகையே காட்டிக்கொடுக்கும். ஒரு சின்ன வாஷர் குறைகிறது என்று வையுங்கள். லைன் ஓடாது. தேடுவார்கள். சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்ப்பார், புரொடக்‌ஷன்காரர்கள் முறைப்பார்கள். "கீழே எங்காவது விழுந்திருக்கும், ஓட்டுங்கள்" என்று யாராவது சொல்வார்கள். அந்த நேரத்தில் "கிடைக்கும் வரை ஓட்ட முடியாது" என்று சொல்ல ஒரு அப்ரென்டிஸுக்கு வாய் வர வேண்டும். அப்படிச் சொன்ன பெண்ணைத் திட்டுகிற இடமா, பக்கத்தில் நிற்கிற இடமா என்பதை வைத்தே அந்தத் தொழிற்சாலையை எடைபோட்டுவிடலாம்.

சுத்தம் செய்யும் ஷிப்ட்டுக்குப் போகத் தயங்காதீர்கள். பலரும் அதைத் தண்டனை மாதிரி நினைக்கிறார்கள். எனக்குத் தெரிந்து ஒரு பிளான்டைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி கிடையாது. பால் குழாய்களைக் கழற்றாமலேயே உள்ளே கழுவும் முறைக்கு சி.ஐ.பி. என்று பெயர். முதலில் தண்ணீர், பிறகு சூடான காஸ்டிக் சோடாக் கரைசல், மறுபடி தண்ணீர், பிறகு அமிலம், மறுபடி தண்ணீர். காஸ்டிக் கொழுப்பையும் புரதத்தையும் எடுக்கும், அமிலம் பாலின் உப்புப் படிவை எடுக்கும். நேரம், சூடு, மருந்தின் அளவு, ஓட்டத்தின் வேகம் என்று நான்கும் சேர்ந்தால்தான் குழாய் சுத்தமாகும். ஒன்றைக் குறைத்தால் இன்னொன்றைக் கூட்ட வேண்டும். குழாய்க்குள் ஓட்டம் விநாடிக்கு ஒன்றரை மீட்டராவது இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. பிரதான குழாயிலிருந்து பிரிந்து எங்கேயும் போகாமல் அடைபட்டு நிற்கும் கிளைத்துண்டுக்குள் அந்த வேகம் போகாது. பால் அங்கேயே தேங்கும், கிருமி குடும்பம் நடத்தும். பிளான்டின் வரைபடத்தில் அப்படி ஒரு துண்டு கண்ணில் படாமலே போகலாம். இரவு இரண்டு மணிக்குக் குழாய் வழியே நடந்து பார்ப்பவர் கண்ணில் படும்.

ஆபத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும், வீட்டில் கேட்பார்கள். 2008 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், போர்ட் வென்ட்வொர்த் என்ற ஊரில் இருந்த சர்க்கரை ஆலை வெடித்து 14 பேர் இறந்தார்கள். வெடித்தது சர்க்கரைத் தூசி. மூடிய கன்வேயருக்குள் தூசி அடர்ந்திருக்க, பெரும்பாலும் சூடேறிய ஒரு பேரிங்தான் அதைப் பற்ற வைத்திருக்கும் என்று விசாரணையில் சொன்னார்கள். அந்த முதல் வெடிப்பின் அதிர்வில், தளங்களிலும் உத்தரங்களிலும் பல காலமாகப் படிந்திருந்த தூசி கிளம்பி அடுத்தடுத்து வெடித்தது. சர்க்கரை, மாவு, பால் பவுடர் எல்லாமே காற்றில் பறக்கும்போது எரிபொருள்தான். பேரிங் சூடாகிறது என்று கையால் தொட்டே கண்டுபிடிக்கிற ஆள் என்ன பெறுமானம் என்று இதிலிருந்து தெரியும்.

உங்களுக்கான விதிகள் சிலவற்றை மட்டும் சொல்கிறேன், மற்றதை அங்கே கற்றுத்தருவார்கள். மெஷினைத் திறப்பதற்கு முன் மின்சாரத்தை நிறுத்தி அதில் உங்கள் சொந்தப் பூட்டைப் போடுங்கள். சாவி உங்கள் பையில் இருக்கட்டும். "நான் போட்டுவிட்டேன், நீ உள்ளே போ" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், அவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் சரி. குளோரின் மருந்தும் அமிலமும் கலந்தால் விஷவாயு வரும். கேன்களை அடுக்கி வைப்பதிலிருந்தே கவனம் வேண்டும். தொட்டிக்குள் ஒருவர் மயங்கி விழுந்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள். மூடிய தொட்டிகளில் காப்பாற்றப் போனவர்களும் சேர்ந்து சாவது திரும்பத் திரும்ப நடக்கிற கதை. ஆள் கூப்பிடுங்கள், அலாரம் அடியுங்கள்.

"குறைந்த காசுக்கு ஆள் பிடிக்கும் தந்திரம்" என்று பயமுறுத்துகிறவர்கள் முழுப் பொய் சொல்லவில்லை. அப்ரென்டிஸ் என்று சேர்த்துக்கொண்டு, வருடம் முழுக்க லைனின் கடைசியில் பெட்டி அடுக்க விடும் இடங்கள் இருக்கின்றன. முதல் சில வாரம் பெட்டி அடுக்கச் சொன்னால் சந்தோஷமாக அடுக்குங்கள், லைனின் ஓட்டம் பிடிபடும். ஆறு மாதம் கழித்தும் அங்கேயே நின்றால் அது பயிற்சி இல்லை.

சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2023-இல் தரமான அப்ரென்டிஸ் பயிற்சிக்கென்றே ஒரு பரிந்துரை வெளியிட்டது, 208-ஆம் எண். அது சட்டம் இல்லை, எந்த நாட்டையும் கட்டாயப்படுத்தாது. ஆனாலும் உங்கள் கையில் இருக்கும் இரண்டு இடங்களையும் உரசிப் பார்க்க அது போதும். எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும் என்கிறது. பயிற்சிக்குப் பணம் தர வேண்டும், வேலையிலும் கற்க வேண்டும், வேலைக்கு வெளியே வகுப்பிலும் கற்க வேண்டும், முடிவில் வெளியே செல்லுபடியாகும் ஒரு தகுதிச் சான்றிதழ் கிடைக்க வேண்டும் என்கிறது. வேலையில் அடிபட்டால் இழப்பீடும் அதில் உண்டு. நிறுவனத்தின் சொந்த லெட்டர்பேடில் "நன்றாகப் பழகினார்" என்று எழுதித் தருவது சான்றிதழ் ஆகாது.

நேரில் போகும்போது எல்லாவற்றையும் கேட்டுக் குடைய வேண்டாம். இரண்டு விஷயம் கேளுங்கள். "எனக்குக் கற்றுத்தரப் போகிறவர் யார், அவரோடு ஐந்து நிமிஷம் பேசலாமா?" என்பது ஒன்று. ஒரு பெயரைச் சொல்லி, அந்த ஆளைக் கூப்பிட்டு நிறுத்தினால் நல்ல சகுனம். "எல்லோரும் சொல்லித்தருவார்கள்" என்றால் யாரும் சொல்லித்தர மாட்டார்கள் என்று அர்த்தம். அவரும் நீங்களும் ஒரே ஷிப்ட்டில் இருப்பீர்களா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். அடுத்து, "போன முறை வந்த அப்ரென்டிஸ்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். அவர்களில் ஒருவர் அதே இடத்தில் டெக்னீஷியனாக இருந்தால் டீ நேரத்தில் அவரைப் பிடித்துப் பேசுங்கள். மேனேஜர் சொல்வதைவிட அவர் முகம் அதிகம் சொல்லும்.

முடிந்தால் பழைய அப்ரென்டிஸ் ஒருவரின் பயிற்சிப் பதிவேட்டையும் புரட்டிப் பாருங்கள். என்ன செய்தார், யார் பார்த்தார், என்ன தவறு வந்தது என்று எழுத்து மாறி மாறி, கறையோடு இருந்தால் நம்பலாம். ஒரே பேனாவில், ஒரே நாளில், எல்லாப் பக்கமும் நிரப்பியது போலிருந்தால் பொய்ப் பதிவு எழுதும் பழக்கம் அந்த இடத்தில் இருக்கிறது. அப்ரென்டிஸ் நோட்டில் பொய் எழுதும் இடத்தில் மெட்டல் டிடெக்டர் நோட்டில் மட்டும் உண்மை எழுதுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. அந்த நோட்டும் உங்கள் கைக்கு வரும். இரும்பு, இரும்பல்லாத உலோகம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று மூன்று சோதனைத் துண்டுகளைக் குறித்த நேரத்துக்கு ஒருமுறை டிடெக்டர் வழியே விட்டு, அது தள்ளிவிடுகிறதா என்று பார்த்து எழுத வேண்டும். ஒருமுறை அது பிடிக்காமல் விட்டால், கடைசியாகச் சரியாகப் பிடித்த நேரத்திலிருந்து ஓடிய சரக்கு முழுவதையும் நிறுத்தி வைத்து மறுபடி சோதிப்பார்கள். பத்து மணிக்குச் செய்யாத சோதனையைச் செய்ததாக எழுதினால் அந்த எல்லை எங்கே என்பதே தெரியாமல் போய்விடும்.

பெண் என்பதால் மெயின்டனன்ஸில் தனியாகப் பார்க்க வேண்டியவையும் உண்டு. இரவு ஷிப்ட் முடிந்தால் வண்டி உண்டா, உடை மாற்றத் தனி அறை உண்டா, உங்கள் அளவில் பாதுகாப்புக் காலணியும் கையுறையும் வாங்கித்தருவார்களா என்று கேட்டுவிடுங்கள். கடைசியைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். பெரிய கையுறை மெஷினில் மாட்டும்.

மாமாவுக்கும் பதில் சொல்ல வேண்டுமே. டிகிரி நல்லதுதான், எங்கும் ஓடிவிடாது. பால் பிளான்டில் மூன்று வருடம் நின்றவர் பிறகு உணவுப் பொறியியல் படித்தால், வெப்பப் பரிமாற்றம் பாடம் வரும்போது அவர் கண்முன்னே ஒரு மெஷின் இருக்கும். ஆனால் ஒன்றை மாமாவை வைத்துக்கொண்டே சரிபாருங்கள்: இந்தப் பயிற்சியில் கிடைக்கும் சான்றிதழை டிப்ளமோவுக்கோ டிகிரிக்கோ கல்லூரிகள் ஏற்றுக்கொள்கின்றனவா என்று, படிக்க நினைக்கும் கல்லூரியிலேயே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்காது என்றால் மாமா சொல்வதில் நியாயம் கூடுகிறது. அப்போது மறுபடி உட்கார்ந்து பேசுங்கள்.

பிஸ்கட் தொழிற்சாலையை அப்படியே விட்டுவிடாதீர்கள். மருத்துவர் சொன்ன பிறகு, வாய்ப்புக்கு நன்றி சொல்லி, காரணத்தையும் இரண்டு வரியில் எழுதி அனுப்புங்கள். உணவுத் துறையில் ஆட்கள் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டே இருப்பார்கள். அந்தக் கடிதத்தைப் படிக்கும் குவாலிட்டி மேனேஜர் சில வருடத்தில் உங்கள் பால் பிளான்டுக்கே வந்து, பாஸ்சரைசரின் வெப்பநிலை பதிவான சார்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு உங்களைத் தேடலாம்.